கேரத் ஐன்ஸ்வொர்த்: விக்கமில் பத்து வருஷம், கியூபிஆரில் எட்டு மாசம், ஏன்?

வியாசை விங்கர்:

இங்கிலாந்து கால்பந்தில் பிரீமியர் லீகுக்குக் கீழே நடப்பதையும் விடாமல் பார்க்கிற ஆட்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

கேரத் ஐன்ஸ்வொர்த் விளையாடிய காலம் ஓரளவு தெரியும். பிரெஸ்டன், லிங்கன், போர்ட் வேல், விம்பிள்டன், கியூபிஆர் (லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) என்று சுற்றிய வலது விங்கர், அதாவது வலது ஓரத்தில் ஓடித் தாக்குகிறவர். நீள முடி, லெதர் ஜாக்கெட், ராக் பேண்டில் பாட்டு. மேனேஜர் ஆன பிறகான கதைதான் எனக்கு இடிக்கிறது. 2012-இல் விக்கம் வாண்டரர்ஸை எடுத்து 2023 பிப்ரவரி வரை இருந்தார். நாலாம் டிவிஷனில் (லீக் டூ) கிடந்த கிளப்பை மூன்றாவதான லீக் ஒன் வழியாக இரண்டாம் டிவிஷன் (சாம்பியன்ஷிப்) வரை ஏற்றினார். அதே ஆள் கியூபிஆருக்குப் போனதும் எட்டு மாசத்தில் வேலை போச்சு.

கேட்க வேண்டியது மூன்று. கையில் காசே இல்லாமல் விக்கமில் எப்படிச் சமாளித்தார்? 2020-இல் எட்டாம் இடத்தில் இருந்த அணி ஒரே நாளில் மூன்றாம் இடத்துக்கு எப்படி வந்தது? அப்புறம், கியூபிஆரில் என்ன கெட்டுப்போனது? "லாங் பால் (பந்தைத் தூரமாகத் தூக்கி அடிக்கிற) ஆட்டம் மேல் டிவிஷனில் எடுபடாது" என்ற ஒரு வரி பதில் வேண்டாம். விக்கமும் ஒரு சீசன் அதே சாம்பியன்ஷிப்பில்தான் ஆடியது.

---

பழைய புரோகிராம்:

ஆட்டக்காரராக இருந்த காலத்திலிருந்து தொடங்கினால்தான் மீதி புரியும். அவரை வளர்த்தவர் ஜான் பெக். 1990களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் யுனைடெட்டை நாலாம் டிவிஷனிலிருந்து தூக்கி, 1992-இல் பிரீமியர் லீகுக்கான பிளே-ஆஃப் (மேலே ஏறக் கடைசி ஓர் இடத்துக்கு நாலு அணிகள் மோதுவது) வரை கொண்டுபோன மனுஷர். கார்னர் பக்கம் புல்லை வெட்டாமல் நீளமாக விடச் சொல்வார். நீளமாக அடித்த பந்து கோட்டைத் தாண்டி ஓடாமல் அங்கேயே நிற்கும், விங்கர் ஓடிப்போய் எடுத்து கிராஸ் போடுவார். ஐன்ஸ்வொர்த் கேம்பிரிட்ஜ், பிரெஸ்டன், லிங்கன் என்று மூன்று கிளப்பிலும் பெக்கிடம் ஆடினார். அந்தக் கார்னர் புல்லை நோக்கி ஓடுகிற வேலையே அவருடையதுதான்.

லிங்கனிலிருந்து 1997-இல் 5 லட்சம் பவுண்டுக்கு போர்ட் வேல், அடுத்த வருஷமே 20 லட்சத்துக்கு விம்பிள்டன். அதுவும் பந்தைச் சட்டென்று முன்னால் அடிக்கிற நேரடி ஆட்டத்துக்குப் பெயர்போன கிளப். அங்கே காயங்கள் அவரைப் பாதி முடக்கிவிட்டன. 2003-இல் கியூபிஆர், அடுத்த வருஷமே ஒரு டிவிஷன் ஏற்றம்.

மேனேஜர் வேலையின் முதல் ருசியும் கியூபிஆரில்தான். மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருந்த அந்தக் காலத்தில், 2008-இல் இயன் டவி போனபோது ஒருமுறை, 2009-இல் பாலோ சோசா போனபோது இன்னொரு முறை, இரண்டு தடவை தற்காலிகமாக அணியைப் பார்த்துக்கொண்டார். விக்கமுக்கு ஆட்டக்காரராகத்தான் வந்தார். 2012 செப்டம்பரில் கேரி வாடாக்கை நீக்கியதும் பொறுப்பு இவர் கைக்கு வந்தது, நவம்பரில் நிரந்தரம் ஆனது. அப்போது வயது 39, இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தார். சின்ன கிளப்புகள் இதை விரும்பிச் செய்வதற்குக் காரணம் எளிது: மேனேஜருக்கும் விங்கருக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

முதல் சீசன் 15-ஆம் இடம். இரண்டாவது சீசனில் கிட்டத்தட்ட எல்லாமே முடிந்திருக்கும். 2014 மே 3, கடைசி ஆட்டம். லீக் டூவில் கடைசி இரண்டு அணிகள் லீகை விட்டே வெளியே. விக்கம், பிரிஸ்டல் ரோவர்ஸை விட 3 புள்ளி பின்தங்கி இருந்தது. தான் ஜெயித்தால் மட்டும் போதாது, ரோவர்ஸ் தோற்கவும் வேண்டும். விக்கம் ஏற்கெனவே இறங்கிவிட்ட டார்க்கீயை அவர்கள் மண்ணிலேயே 3-0 என்று அடித்தது. ரோவர்ஸ் சொந்த மைதானத்தில் மான்ஸ்ஃபீல்டிடம் 0-1. இரண்டு அணிக்கும் 50 புள்ளி, கோல் வித்தியாசத்தில் (அடித்ததில் வாங்கியதைக் கழித்த கணக்கு) ரோவர்ஸ் வெளியே. 1993-இல் மார்ட்டின் ஓ'நீல் லீகுக்குள் கொண்டுவந்த கிளப், 21 வருஷம் கழித்து அந்த மூன்று கோலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சீசனில் அதே மேனேஜர் 84 புள்ளி எடுத்து நாலாம் இடம். வெம்ப்ளியில் பிளே-ஆஃப் இறுதியில் சவுத்எண்டிடம் பெனால்டியில் 7-6 என்று தோல்வி. சவுத்எண்ட் சமன் செய்ததே கூடுதல் நேரமும் முடிந்து 122-ஆம் நிமிஷத்தில்.

---

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்னதில் விட்டுப்போனது காசு. 2012-இல் விக்கமை ரசிகர்களின் டிரஸ்ட் வாங்கியது. கேட்க இனிக்கும், நடத்துவது கஷ்டம். காரணம் அப்போதைய சம்பள விதி. லீக் டூவில் வருமானத்தில் 55 சதவீதம், லீக் ஒன்னில் 60 சதவீதம்தான் ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் போகலாம். ஆனால் முதலாளி நன்கொடையாகவோ பங்காகவோ போடுகிற பணமும் "வருமானம்" என்றே கணக்கில் சேரும். ஆக, பணக்கார முதலாளி உள்ள கிளப் தன் உச்சவரம்பைத் தானே உயர்த்திக்கொள்ளும். டிரஸ்ட் கிளப்புக்கு டிக்கெட், பார், வாடகை, ஆட்டக்காரர் விற்பனை, அவ்வளவுதான். அந்த வாடகையும் 2014 டிசம்பரில் போனது. ஆடம்ஸ் பார்க்கில் 2002 முதல் குடியிருந்த வாஸ்ப்ஸ் ரக்பி அணி கவென்ட்ரிக்குக் கிளம்பிவிட்டது.

அதனால் வளர்ந்த பையனை விற்று சம்பளம் கொடுக்கிற நிலை. 2014 தொடக்கத்தில், அதாவது இறங்கும் ஆபத்தில் இருந்த அதே சீசனின் நடுவில், சென்டர் பேக் (பின்வரிசை நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) கோர்ட்னி ஹவுஸ் வுல்வ்ஸுக்குப் போனார். 2016 ஜனவரியில் கீப்பர் மேட் இங்ரம் கியூபிஆருக்கு. போனவர் இடத்தை லோனில், அதாவது வேறு கிளப்பின் ஆளை இரவல் வாங்கி நிரப்புவார்கள். 2014-15-இல் பிரென்ட்ஃபோர்டிலிருந்து வந்த 20 வயது ஆல்ஃபி மாசன் நல்ல உதாரணம். கீழ்மட்ட மேனேஜரின் டெலிபோன் டைரிக்கு மதிப்பு இங்கேதான். அப்போது சீசன் நடுவிலும் 93 நாள் வரை அவசர லோன் எடுக்கலாம், 2016-17 முதல் அதை ஒழித்துவிட்டார்கள். அதன்பின் ஆகஸ்ட்டில் தப்பாக ஆள் எடுத்தால் ஜனவரி வரை அதோடுதான் குடித்தனம்.

எவ்வளவு மெலிந்த அணி என்பதற்கு ஒரு காட்சி: 2015 ஆகஸ்டில் பிளிமத் மைதானத்தில் கீப்பருக்குக் காயம். பெஞ்சில் இருந்த மாற்று கீப்பர், கீப்பர் கோச் பாரி ரிச்சர்ட்சன், வயது 46. இறங்கினார், கோல் விடவில்லை, அணியும் ஜெயித்தது.

இப்போது இரண்டாம் கேள்வி. 2020 மார்ச்சில் கோவிட் வந்து லீக் ஒன் நின்றபோது எல்லா அணியும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் பரி கிளப்பை லீகிலிருந்து நீக்கியதால் 23 அணிதான், வாரா வாரம் ஒன்று சும்மா இருக்கும். நின்ற நேரத்துப் பட்டியல்:

கவென்ட்ரி 34 ஆட்டம், 67 புள்ளி
ராதரம் 35, 62
ஆக்ஸ்போர்ட், போர்ட்ஸ்மத், ஃபிளீட்வுட் மூன்றும் 35, 60
பீட்டர்பரோ 35, 59
சண்டர்லாந்து 36, 59
விக்கம் 34, 59

ஜூனில் கிளப்புகள் ஓட்டுப் போட்டு, ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரியில் வரிசையை முடிவு செய்தன. விக்கம் 59-ஐ 34-ஆல் வகுத்தால் 1.74. ஆக்ஸ்போர்ட் கூட்டம் 1.71. பீட்டர்பரோ 1.69. முடிந்தது. விக்கம் மூன்றாவது, பீட்டர்பரோ ஆறிலிருந்து ஏழுக்கு விழுந்து பிளே-ஆஃபையே இழந்தது. அவர்கள் கத்தியதில் நியாயம் உண்டு.

ஆனால் விக்கமுக்கு அதில் கிடைத்தது பிளே-ஆஃப் இடம் மட்டுமே. ஃபிளீட்வுட்டை அவர்கள் மைதானத்தில் 4-1, சொந்த மைதானத்தில் 2-2. ஜூலை 13-இல் காலி வெம்ப்ளியில் ஆக்ஸ்போர்டை 2-1. அந்த சீசனின் முதல் பாதியில் முதலிடம் வரை போன அணி விக்கம், லாட்டரி என்று சொல்ல முடியாது.

---

வியாசை விங்கர்:

கணக்கு தெளிவாச்சு, நன்றி அண்ணே. பீட்டர்பரோவை விட வெறும் 0.05 அதிகம், அதில் ஒரு கிளப்பின் வரலாறே மாறியிருக்கு! இனி களத்துக்குள்ளே வாங்க. ஸ்ட்ரைக்கர் அகின்ஃபென்வா மாதிரி ஒரு மலையை முன்னாடி நிறுத்தி மேலே அடித்தார்கள், சரி. அதை எந்த அணியும் செய்யலாமே. எல்லோரும் ஏன் ஏறவில்லை?

---

இரண்டாம் பந்து:

மேலே அடிப்பது சுலபம். அடித்த பிறகு பத்துப் பேர் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

அகின்ஃபென்வாவை 2016-இல் எடுத்தபோது அவருக்கு 34 வயது. ஓட்டம் கிடையாது. இங்கே பலர் நினைப்பது போல எல்லாப் பந்தையும் தலையால் வெல்வதும் அவர் வேலையில்லை. முதுகைக் கொடுத்து சென்டர் பேக்கை மறித்து, நெஞ்சில் வாங்கிக் கீழே போடுவது, அல்லது அவனும் சுத்தமாக வெல்லாமல் கெடுப்பது. கெட்ட பந்து பெரும்பாலும் பத்து மீட்டருக்குள்தான் விழும். அந்த வட்டத்துக்குள் மூன்று பேர் முன்கூட்டியே இருக்க வேண்டும். இரண்டு விங்கர்களும் கோட்டோரம் நிற்காமல் உள்ளே ஒடுங்குவார்கள், ஒரு மிட்ஃபீல்டர் அவருக்கு எதிரே ஏழெட்டு மீட்டரில் நிற்பார். மிட்ஃபீல்டர்கள் பிளூம்ஃபீல்டும் கேப்பும் வருஷக்கணக்காகச் செய்தது இந்தப் பொறுக்கும் வேலை. எடுத்ததும் மறுபடி நடுவில் ஆடாமல் ஓரத்துக்கு. அங்கே கிராஸ், கார்னர் அல்லது த்ரோ.

இதில் கெடுவது பெரும்பாலும் பின்வரிசை. கீப்பர் உதைக்கும்போது நான்கு டிஃபெண்டர்களும் நடுக்கோட்டை நோக்கி ஓட வேண்டும். பயந்து பெனால்டி பெட்டி அருகிலேயே நின்றால் மிட்ஃபீல்டுக்கும் அவர்களுக்கும் நடுவே முப்பது மீட்டர் வெற்றிடம். கீழே விழும் பந்து எல்லாம் எதிராளிக்கு, திரும்பி வருகிற தாக்குதலைத் தடுக்கவும் ஆளில்லை. ரசிகர்கள் ஸ்ட்ரைக்கரைத் திட்டுவார்கள், தப்பு பின்னால் இருக்கும்.

அடுத்தது செட் பீஸ், அதாவது ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும் பந்து. த்ரோவிலும் கார்னரிலும் கோல் கிக்கிலும் ஆஃப்சைடு கிடையாது, அதனால் ஆளைக் கோல் வாயிலேயே நிறுத்தலாம். விக்கமுக்கு இதில் தங்கம் லெஃப்ட் பேக் ஜோ ஜேக்கப்சன். 2014-இல் ஷ்ரூஸ்பரியிலிருந்து வந்தவர். வலது மூலையிலிருந்து இடது காலால் அடித்தால் பந்து கோலை நோக்கி உள்ளே வளையும். கீப்பர் முன்னால் இரண்டு பெரிய உடம்பு நின்றால் அவரால் கையை நீட்டவே முடியாது. யார் தொட்டாலும் கோல், யாரும் தொடாவிட்டாலும் கோல்! 2019 செப்டம்பரில் லிங்கனுக்கு எதிராக ஹாட்ரிக் போட்டார், அதில் இரண்டு கார்னரிலிருந்து நேராக உள்ளே போனது. வெம்ப்ளியில் ஆக்ஸ்போர்டுக்கு எதிராக 79-ஆம் நிமிஷ வெற்றி பெனால்டியும் அவர் கால்தான். பந்தை அதிக நேரம் வைத்திருந்தது ஆக்ஸ்போர்ட். அது விக்கமைக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

ஏன் எல்லோரும் ஏறவில்லை என்றால், இந்த ஒழுங்கு பழக வருஷம் ஆகும். பெரும்பாலான மேனேஜர்களுக்கு அந்த வருஷம் கிடைக்காது. ஐன்ஸ்வொர்த்துக்கு உதவி கோச் ரிச்சர்ட் டாப்சன் உட்பட அதே ஆட்கள் ஆண்டுக்கணக்கில் கிடைத்தார்கள். 2014 மேயில் தப்பியவுடன் வேறு எந்த கிளப்பாக இருந்தாலும் மேனேஜரை மாற்றியிருக்கும்.

நேரத்தைத் தின்கிறார்கள் என்ற புகாரும் உண்டு. உண்மைதான். த்ரோவுக்கு நடந்து வருவது, கார்னருக்கு சென்டர் பேக் ஊர்வலம் போவது. சின்ன அணிக்கு அது மூச்சு வாங்கும் நேரமும்கூட.

---

லோஃப்டஸ் ரோடு மேற்கு:

கியூபிஆர் பக்கத்தை நான் சொல்கிறேன். ஐன்ஸ்வொர்த் ரசிகர்கள் "அணி சரியில்லை" என்பார்கள், எதிர்ப்பாளர்கள் "ஆட்டமுறை சரியில்லை" என்பார்கள். என் கணக்கில் இரண்டும் பொருந்தாமல் போனதுதான் பிரச்சனை. அதை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டியது ஆள் எடுத்த கிளப்.

2023 பிப்ரவரி 21-இல் வந்தார். முந்தைய மேனேஜர் நீல் கிரிட்ச்லி போய், அணி சரிந்துகொண்டிருந்தது. வந்ததும் பந்தை மேலே வாங்க வேண்டிய ஆள் லிண்டன் டைக்ஸ் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில். இந்த முறைக்கு முதல் தேவையே அந்த இடம்தான். மற்றபடி இலியாஸ் சேர், கிறிஸ் வில்லக் இருவரும் காலில் பந்து வாங்கித் திரும்பி ஆளைத் தாண்டுகிறவர்கள். அவர்களிடம் போய் "பத்து மீட்டருக்குள் நின்று விழுவதைப் பொறுக்கு" என்றால், செய்வார்கள், ஆனால் அணியில் இருக்கிற ஒரே நல்ல ஆயுதம் உறையிலேயே இருக்கும். மார்ச்சில் பிளாக்பூலிடம் 6-1 அடி.

அப்படியும் அந்த சீசன் வேலையை முடித்தார். ஏப்ரலில் சாம்பியனாகப் போகிற பர்ன்லியை அவர்கள் மைதானத்தில் 2-1, அடுத்து ஸ்டோக்கில் 1-0. 50 புள்ளி, 20-ஆம் இடம், தப்பித்தாச்சு. நன்றி சொல்ல வேண்டியது அதற்கு.

கோடையில் கிளப் செலவைக் கட்டுப்படுத்தும் நிதி விதி கழுத்தைப் பிடித்திருந்தது. கீப்பர் டியெங் மிடில்ஸ்பரோவுக்கும் டிஃபெண்டர் டிக்கி பிரிஸ்டல் சிட்டிக்கும் போனார்கள். வந்தவர்களில் கீப்பர் பெகோவிச், மிட்ஃபீல்டர் கோல்பேக் போன்றவர்கள் டிரான்ஸ்ஃபர் கட்டணமில்லாமல் வந்த மூத்தவர்கள். லீக் டூவில் இலவச மூத்தவர் உங்கள் அணியின் தரத்தை உயர்த்துவார். சாம்பியன்ஷிப்பில் அதே ஆளைச் சுற்றி 22 வயதுப் பையன்கள் ஓடுவார்கள். முதல் ஆட்டமே வாட்ஃபோர்டில் 0-4. 14 ஆட்டத்தில் 8 புள்ளி, கடைசி ஆறும் தொடர் தோல்வி, அக்டோபர் 28-இல் நீக்கம்.

இனிமேல்தான் முக்கியம். பின்னால் வந்த மார்ட்டி சிஃபுவென்டெஸ், கிட்டத்தட்ட அதே ஆட்களைத் தரையில் ஆட வைத்து 56 புள்ளியோடு 18-ஆம் இடத்தில் முடித்தார். அதனால் "அணியே தேறாது" என்ற வாதம் நிற்காது.

---

கணக்குப்பிள்ளை:

லோஃப்டஸ் ரோடு மேற்கு சொன்னதோடு பெரும்பாலும் உடன்பாடு. ஒன்று மட்டும் சேர்க்கணும். கேள்வியில் விக்கமின் சாம்பியன்ஷிப் சீசனைச் சொன்னீர்களே, 2020-21, அதில் முதல் 7 ஆட்டமும் தோல்வி. மேனேஜரை மாற்றவில்லை. முறை மெல்லப் பிடித்து, கடைசி நாள் மிடில்ஸ்பரோவை 3-0 அடித்து 43 புள்ளியில் முடித்தார்கள். ஓர் இடம் மேலே தப்பித்த டார்பி 44. ஒரு புள்ளியில் இறக்கம். அதே டார்பிக்கு, கடன் கட்ட முடியாமல் கிளப் வெளி நிர்வாகியிடம் போனதற்கும் கணக்கு மீறலுக்கும் சேர்த்து 21 புள்ளி கழித்தார்கள், ஆனால் அடுத்த சீசனில்! விக்கம்காரர்களிடம் இதைப் பேசினால் ராத்திரி முழுக்க ஓடும்.

ஆக, ஆறு தொடர் தோல்விக்கு கியூபிஆரில் வேலை போனது, ஏழு தொடர் தோல்விக்கு விக்கமில் போகவில்லை. விக்கமில் இறங்குவது எல்லோரும் எதிர்பார்த்த விஷயம். கியூபிஆரில் இறங்கினால் டிவி பங்கும் வருமானமும் சரிந்து, ஏற்கெனவே உள்ள ஒப்பந்தச் சம்பளத்தைத் தாங்க முடியாது. பொறுமைக்கு ஆகிற செலவு இரண்டு இடத்திலும் ஒன்றல்ல.

---

வியாசை விங்கர்:

அப்போ அதற்குப் பிறகு? ஷ்ரூஸ்பரியை நடுவிலேயே விட்டுவிட்டுப் போனார் என்று படித்தேன்.

---

பழைய புரோகிராம்:

ஆமாம், 2024 நவம்பரில் ஷ்ரூஸ்பரி, லீக் ஒன்னின் அடிமட்டத்தில். 2025 மார்ச்சில், சீசன் முடியும் முன்னே, ஒரு டிவிஷன் கீழே இருந்த ஜில்லிங்கமுக்குத் தாவினார். ஷ்ரூஸ்பரி ரசிகர்கள் கொதித்தது நியாயமே. ஆனால் தொழில்முறையில் பார்த்தால் கணக்கு இருக்கிறது: இறங்கப்போகிற அணியின் பெயர் தன் மேல் ஒட்டுவதை விட, நாலாம் டிவிஷனில் தனக்குத் தெரிந்த வேலையை அடியிலிருந்து தொடங்குவது மேல்.

வேடிக்கை என்னவென்றால், ஜில்லிங்கமில் அவருக்கு முன் இருந்து ரெண்டு மூணு மாசத்தில் போனவர் ஜான் கோல்மன். ஆக்ரிங்டன் ஸ்டான்லியை லீகுக்கே வெளியிலிருந்து 2006-இல் உள்ளே கொண்டுவந்து, 2018-இல் லீக் டூ பட்டமும் வாங்கிக் கொடுத்தவர். அதே 2017-18-இல் மூன்றாவதாக ஏறியது ஐன்ஸ்வொர்த்தின் விக்கம். ஒரே கிளப்பில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்து பெயர் வாங்கிய இரண்டு பேரும் வெளியே போனதும் தடுமாறினார்கள்.

---

இரண்டாம் பந்து:

ஜில்லிங்கம் ஆட்டம் பார்க்கக் கிடைத்தால் பந்தைப் பார்க்காதே தம்பி. அவர்கள் கீப்பர் உதைக்கிற நொடியில் இரண்டு சென்டர் பேக்கையும் மட்டும் பார். பந்து காற்றில் இருக்கும்போதே நடுக்கோட்டுப் பக்கம் ஓடினால் அணி அவர் சொல்வதைக் கேட்கிறது. பெட்டி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் இன்னும் கேட்க ஆரம்பிக்கவில்லை. ஸ்கோர் எதுவாக இருந்தாலும் சரி.